பேலஸ்டுக்கு ‘நிலைச்சுமை’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

வெளிவிளக்குகளில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்ட் (ballast) என்னும் கருவிக்கு, மின்பணிக் கையேட்டுக்காக முன்மொழியப்பட்டுள்ள ‘நிலைச்சுமை’, ஆங்கிலத்தில் அதே பெயர் கொண்ட கப்பலின் அடிப்பாரத்துக்குப் பொருந்தலாம், மின்பணிக்கு ஆகாது. மின்னியலில் சுமை என்றாலே மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் கருவி. இங்கே அது விளக்கு. அதே சொல்லை விளக்குக்கு முன்னால் நிற்கும் கருவிக்கும் சூட்டினால், கையேட்டைப் படிக்கும் எங்கள் சுங்கை சிப்புட் வயர்மேன் எதைக் கழற்றுவார்? ‘அடைச்சுருள்’ நல்ல சொல்தான். ஆனால் அது சோக்குக்கு, அதாவது கம்பிச்சுருள் வகைப் பேலஸ்டுக்கு, உரியது, மின்னணு வகைக்கு நீளாது.

செயலைப் பார்த்துப் பெயரிடுவோம். சோடியம் ஆவி விளக்கில் மின்னோட்டம் கூடக்கூட அதன் தடை குறைந்துகொண்டே போவதால், தடுப்பார் இல்லாவிட்டால் விளக்கு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்த ஓட்டத்துக்கு வரம்பு கட்டுவதே பேலஸ்டின் வேலை. ஆகவே ‘விளக்கு வரம்பி’ என்பது என் பரிந்துரை. (‘ஓட்டமட்டி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார், வயர்மேனை மட்டி என்று திட்டுவதாகிவிடும்.)

இச்சொல் வாட் பொருத்தத்தையும் விளங்க வைக்கிறது. செம்பனை ஆலை முற்றத்தில் மின்கட்டணத்தைக் குறைக்க எண்ணி, 250 வாட் விளக்கைக் கழற்றிவிட்டு 150 வாட் சோடியம் விளக்கை மாட்டுவார்கள். அதற்கு வேண்டியது 1.8 ஆம்பியர், மாற்றாமல் விட்ட பழைய வரம்பியோ 3 ஆம்பியருக்குச் செய்யப்பட்டது. விளக்கு தன் அளவை மீறிச் சூடேறி, உட்குழாய் கறுத்து, விரைவில் போய்விடும். மாறாக, 150 வாட் வரம்பியில் மாட்டினால் 250 வாட் விளக்கு முழுச் சூட்டை எட்டாமல் மங்கலாகவே எரியும்.

வாட் எண் மட்டும் ஒத்தாலும் போதாது. 250 வாட் பாதரச விளக்கு ஏறக்குறைய 2.1 ஆம்பியரில் எரிவது. அதன் வரம்பி அதே எண்ணுள்ள சோடியம் விளக்குக்கு ஒத்துவராது. சோடியத்துக்குத் தொடக்கத்தில் உயரழுத்தத் துடிப்பு தரும் இக்னைட்டரும் வேண்டும். விளக்குக்கூட்டின் மூடியைத் திறந்து, செத்த ஈசல்களைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வரம்பியின் ஒட்டுத்தாளிலேயே ‘சோன் 250 வாட், 3 ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கும் (சோன் என்பது சோடியம் விளக்கின் வகைக்குறி).

எனவே கையேட்டு வாசகம் இப்படி அமையலாம்: “மின்சாரத்தை நிறுத்தியபின், விளக்கு வரம்பியில் அச்சிட்டுள்ள வகையும் வாட்டும் ஆகிய இரண்டும் ஒத்த விளக்கையே மாட்டவும்.”

இக்னைட்டருக்குத் ‘தூண்டி’ போதும் என்பது என் எண்ணம். குழல்விளக்கின் ஸ்டார்ட்டருக்கும் அதையே வைக்கலாமா என்பதை அன்பர்கள் சொல்லவும்.