சிமுலேஷன், கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்: செவிலியர் கல்விக்கான கலைச்சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

நோயாளியின் நிலையைக் கண்டுணர்ந்து செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கும் திறனைச் செவிலியர் கல்வியில் ‘கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்’ என்பர். அதற்கு ‘மருத்துவ முடிவெடுப்பு’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. எளிய சொல்தான், ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டுமே அது தொடுகிறது. அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் கிறிஸ்டின் டேனர் 2006-இல் வெளியிட்ட மாதிரி, இத்திறனைக் கவனித்தல், பொருளுணர்தல், செயலாற்றுதல், செய்ததை எண்ணிப்பார்த்தல் என நான்கு கூறுகளாகக் காண்கிறது.

அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்குத் திரும்பிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாடித்துடிப்பு 84-லிருந்து 112-க்கும், மூச்சு நிமிடத்திற்கு 16-லிருந்து 24-க்கும் ஏறியிருக்கிறது, சிறுநீர் குறைந்திருக்கிறது, இரத்த அழுத்தமோ 118/76 என்று இயல்பாகவே நிற்கிறது. உள்ளே இரத்தம் கசியும்போது, உடல் நாளங்களைச் சுருக்கியும் இதயத்தை விரைவுபடுத்தியும் அழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கிப்பிடிக்கும் என்பதை உணர்ந்த மாணவர், அந்த 118-ஐக் கண்டு ஆறுதல் அடையமாட்டார். மருத்துவரை உடனே அழைப்பது என்று அவர் முடிவெடுப்பதற்கு முன்பே திறனின் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே கூர்ந்து கருதுதல், ஆராய்தல், தெளிதல் ஆகிய பொருள்களைத் தரும் ‘ஓர்தல்’ என்ற வினையிலிருந்து ‘நோயர்நிலை ஓர்வு’ என்று அமைக்கலாம். முதலில் சற்று அயலாக ஒலித்தாலும், ‘ஜட்ஜ்மென்ட்’ என்பதன் நேர்ப்பொருளான ‘தீர்ப்பு’ என்பதைப் போல நீதிமன்றத்தை நினைவூட்டாது.

நோயாளிக்குப் பதிலாகப் பயிற்சிப் பொம்மையை வைத்து, உண்மைபோன்ற சூழலை அமைத்துப் பயிற்றுவிக்கும் ‘சிமுலேஷன்’ என்பதற்குச் சொல் காண்பது இதைவிடக் கடினமானது. ‘பாவனை’ நடிப்பையும், ‘போலி’ ஏமாற்றையும் சுட்டிவிடுகின்றன. ‘நிகர்நிலை’ கல்வித்துறையிலேயே ‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ என வேறு பொருளில் ஊன்றிவிட்டது. ‘ஒத்திகை’ என்பதைப் பலர் விரும்புவதாகத் தெரிகிறது. ஒத்திகையில் அடுத்து நிகழப்போவது பங்கேற்பவருக்குத் தெரியும். இங்கே அது தெரியாதிருப்பதே பயிற்சியின் உயிர். வார்டில் மாணவர் ஓர் அறிகுறியைத் தவறவிட்டால் ஆசிரியர் உடனே குறுக்கிட்டாக வேண்டும், ஏனெனில் அங்கிருப்பது ஓர் உயிர். பயிற்சிப் பொம்மையின் அருகிலோ அவர் பொறுத்திருந்து, தவறவிட்ட அறிகுறி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை மாணவரே காணும்படி விடலாம். அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, தரமாக நடத்தப்பட்டால் வழக்கமான களப்பயிற்சி நேரத்தில் பாதிவரை இதனால் ஈடுசெய்யலாம் என்று கண்டது. இத்தகைய பயிற்சிக்கு நடிப்பைக் குறிக்கும் பெயர் பொருந்தாது. ஒப்பாக அமைக்கப்படுவது நோயாளியின் உடல் மட்டுமன்று, முழுச் சூழலும் என்பதால், ‘ஒப்புச்சூழல் பயிற்சி’ என்பதை முன்வைக்கிறேன்.

பயிற்சிக்குப் பின் நடக்கும் ‘டீபிரீஃபிங்’ எஞ்சியிருக்கிறது. “அந்த எண்ணைப் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள்?” என்று ஆசிரியர் கேட்க, மாணவர் தம் சிந்தனையைத் தாமே பிரித்துப் பார்க்கும் இடம் அது, கற்றலில் பெரும்பங்கு அங்கேதான் நிகழ்கிறது. குறைகூறும் தொனி ஒட்டிய ‘விமர்சனம்’ வேண்டாம். ‘மீள்நோக்கு உரையாடல்’ எனலாமா, அல்லது வகுப்பறையில் சொல்ல எளிதான சுருக்கமான சொல் ஒன்று உண்டா என்பதைச் செவிலியர் கல்லூரிகளில் கற்பிப்பவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.