கேமராவப் பாத்தா மட்டும் வாய் கட்டிப் போவுது, என்ன செய்யலாம்?

முறுக்கு அக்கா, சுங்கை சிப்புட்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலயே முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை செஞ்சு விக்கிறேன், பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, மேசை போட்டு 6 வருஷம் ஆவுது. இப்பல்லாம் ஆர்டர் ஹேண்ட்போன்லதான் வருதும்மான்னு மவன் டிக்டாக், ஃபேஸ்புக் ரெண்டும் திறந்து குடுத்தான், நீங்களே பேசி சின்ன சின்ன வீடியோவா போடுங்கன்னான், சரின்னு உக்காந்தேன், அங்க புடிச்சது சனி. மேசையில நிக்கும்போது தமிழோ மலாயோ வாய் தானா ஓடும், ரெண்டு பாக்கெட் கேட்டு வந்தவங்கள நாலு பாக்கெட்டோட அனுப்புவேன். அதே வாயி கேமரா முன்னாடி "அனைவருக்கும் இனிய வணக்கம், இன்று நாம் காணவிருப்பது சுவைமிகு முறுக்கு"ன்னு ஆரம்பிச்சிடுது. கை ரெண்டும் தோட்டத்துல காலையில பேர் கூப்புட பிரட்டுக்கு நிக்கிற மாதிரி விறைச்சுத் தொங்குது. எழுதி மனப்பாடம் பண்ணா பாதில மறந்து போவுது, பேப்பரப் பாத்துப் படிச்சா கண்ணு கீழயே கெடக்குது. நேத்து 17 தடவ எடுத்தேன், கடைசில அடுப்புல எண்ண காஞ்சு குசினி முழுக்கப் புகை. என் குரலும் எனக்கே புடிக்கல, கீச்சுன்னு யாரோ பேசுற மாதிரி இருக்கு. தீவாளிக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. யாராச்சும் வழி சொல்லுங்க லா.

கல்யாண வீடியோக்காரன், கோலகங்சார்:
அக்கா, மொத குரல் விஷயம். நாம பேசும்போது நம்ம குரல் காத்து வழியா மட்டும் நமக்குக் கேக்குறதில்ல, மண்டையோட்டு எலும்பு வழியாவும் உள்ள போவுது, அதுல அடிக்குரல் கூடுதலா சேந்துக்கும். ரெக்கார்டிங்ல அது கெடையாது, அதான் மெலிசா கேக்குது. ஊரு இத்தன வருஷமா கேட்டது அந்தக் குரலத்தான், அதக் கேட்டுத்தான் முறுக்கு வாங்குனாங்க, விட்டுடுங்க.

அப்புறம் நீங்க செல்ஃபி கேமராவுலதான் எடுக்குறீங்கன்னு நெனைக்கிறேன். அதுல நம்ம மூஞ்சியத்தான் பாப்போம், முடி சரியா இருக்கா, பொட்டு நேரா இருக்கான்னு மனசு அங்க போயிடும், பேச்சு நின்னுடும். பாக்குறவங்களுக்கும் நீங்க எங்கயோ பாக்குற மாதிரி தெரியும். போன திருப்பிப் பின்பக்கக் கேமராவுல எடுங்க, பெரும்பாலும் படமும் அதுலதான் நல்லா வரும். மைலோ டின் ரெண்டு மூணு அடுக்கி கண்ணு உயரத்துக்கு வெச்சு, மவன லென்ஸுக்கு நேர் பின்னாடி நிக்கச் சொல்லுங்க. அவன் "என்னாக்கா இன்னைக்கு ஸ்பெஷல்?"னு கேக்கட்டும், நீங்க அவனுக்குப் பதில் சொல்லுங்க. கேள்விய பின்னாடி வெட்டி எடுத்துடலாம். எல்லாத்தையும் ஒரே மூச்சுல பேசணும்னு எவன் சொன்னான்? துண்டு துண்டா எடுத்து, ஒட்டுற எடத்துல முறுக்கு எண்ணையில பொரியிறதக் காட்டுனா தையல் தெரியாது.

காலையிலயே எடுத்துடுங்க. சாயங்காலம் மழ புடிச்சா தகரக் கூரை சத்தத்துல நீங்க பேசுறது ஒரு வார்த்த கேக்காது. எடுக்கிறப்ப ஃபேன மறக்காம நிறுத்துங்க.

தாப்பா தம்பி:
எதுக்கு இவ்வளவு கஷ்டம், டெலிப்ராம்ப்டர் ஆப் ஒன்னு எறக்குங்க, எழுத்து திரையில ஓடும், பாத்துப் படிச்சா முடிஞ்சுது.

கல்யாண வீடியோக்காரன், கோலகங்சார்:
தம்பி, போன் கிட்டத்துல இருந்தா கண்ணு இடதுலேருந்து வலது ஓடுறது பளிச்சுன்னு தெரியும். தள்ளி வெச்சா கண்ணு ஓடுறது கொறையும், ஆனா அவ்வளவு தூரத்துல அக்காவுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கருவி 1950ல அமெரிக்காவுல டிவி நாடகக்காரங்க வசனம் மறக்காம இருக்க வந்தது. அவங்க நடிகருங்க, எழுதுனத எழுதாத மாதிரி பேசத் தெரிஞ்சவங்க.

ஓய்வு வாத்தியார்:
அம்மா, நீங்க எழுதுன "இன்று நாம் காணவிருப்பது" படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா குத்தம் எங்க மேலதான். 30 வருஷம் தமிழ்ப்பள்ளியில பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைங்களத் தயார் பண்ணவன் நான். "அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சு, எந்த வார்த்தைக்கு எந்தக் கை தூக்கணும்னு வரைக்கும் சொல்லிக் குடுத்தோம். நாலு பேரு முன்னாடி பேசுறதுன்னா நமக்கு இன்னமும் அந்த மேடைதான் ஞாபகத்துக்கு வருது.

இன்னொன்னு, தமிழ்ல எழுத உக்காந்தாலே பேனா தானா செந்தமிழுக்குப் போயிடும். அத வாசிச்சா செய்தி வாசிக்கிற மாதிரிதான் வரும், வேற எப்படியும் வராது. அப்ப மந்திரியா இருந்த நம்ம ஊரு துன் சம்பந்தன், தொழிலாளிங்களே சேந்து தோட்டம் வாங்கணும்னு 1960ல நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமா போய் பால்மரம் வெட்டுறவங்ககிட்ட பங்குப் பணம் சேர்த்தாரே, அங்க அடுக்குமொழியில பேசிருந்தா மடியில முடிஞ்ச காசு வெளிய வந்திருக்குமா?

அதனால எழுதாதீங்க. உங்க தங்கச்சியோ கூட்டாளியோ யாருக்காவது வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, "இன்னைக்கு மாவு எப்படி வந்துச்சு தெரியுமா"ன்னு. அப்புறம் அதத் திரும்பக் கேளுங்க. அதுதான் உங்க வசனம். அதுலேருந்து மூணே மூணு சொல்லு மட்டும் பெரிய எழுத்துல எழுதி ஒட்டிக்குங்க: ஓமம், புது எண்ண, கையால சுத்துனது. போதும்.

தாப்பா தம்பி:
சார் சொல்றது சரி, ஆனா அக்கா, விலையும் போன் நம்பரும் மட்டும் எழுதி வெச்சுக்குங்க, ஜோர்ல மறந்துடும்.

முறுக்கு அக்கா, சுங்கை சிப்புட்:
நேத்து காலையில எடுத்துட்டேன். லூனாஸ்ல இருக்குற தங்கச்சிக்குத்தான் மெசேஜ் போட்டேன், திரும்பக் கேட்டா நானே அசந்துட்டேன், "பிழியும்போது அச்சுலேருந்து மாவு அறுந்து அறுந்து விழுந்தா தண்ணி பத்தலன்னு அர்த்தம் டி"ன்னு என்னமா பேசிருக்கேன்! அதையே மவன் மூஞ்சியப் பாத்து சொன்னேன், கையில மாவோட. கையி தானா ஆடுது, எங்க வெக்கிறதுன்னு நெனப்பே வரல. மூணாவது தடவையே சரியா வந்துடுச்சு.

ஆனா தம்பி சொன்னத நான் எழுதி வெக்கல, விலைய சொல்லவே மறந்துட்டேன். கீழ கமெண்ட்ல எல்லாம் "எவ்வளோக்கா, எவ்வளோக்கா"தான், ராத்திரி 11 மணி வரைக்கும் ஒவ்வொருத்தருக்கா பதில் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அடுத்தது மலாய்ல ஒன்னு எடுக்கணும். சார், அதுக்கு நான் யாருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புறது?