பரிசல் துறையில தண்ணி சுருக்குங்குது: கோளாறு மோட்டார்லயா, கேபிள்லயா?

கேள்வி – ஆத்தங்கரை
இடம் பவானி ஆறு, சிறுமுகை பக்கம். பரிசல் கரை சேர்ற எடத்துக்கு இருபது அடி தள்ளி 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் ஆத்துக்குள்ளயே கெடக்குதுங்க. மோட்டார் ஓடறப்ப தண்ணியில கை வெச்சா சுருக்குங்குது. டெஸ்டர் எரியல, எம்.சி.பி.யும் (கரண்டு அதிகமாப் போனா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) விழுகல. எங்கிருந்து பாக்கோணும்? அதுவரைக்கும் பரிசல் விடலாமுங்களா?

வைண்டிங் கடை
விடாதீங்க. மோட்டாரையும் ஓட்டாதீங்க.

டெஸ்டர் எரியலைங்கறதை நம்பக்கூடாதுங்க. அதுல இருக்கற நியான் விளக்கு எரிய அறுபது வோல்ட்டுக்கு மேல வேணும். தண்ணிக்குள்ள இருக்கற ஆளுக்கு அதுல கால்வாசியே ஆபத்து. ஆத்துத் தண்ணியில உப்பு கம்மி, அதனால கரண்டுக்குத் தண்ணியை விட மனுச ஒடம்பு லேசான வழி. 20 மில்லி ஆம்பியர் போனாலே கைகால் இழுத்துக்கும், நீச்சல் தெரிஞ்சாலும் முங்கிருவாங்க. எம்.சி.பி. பல ஆம்பியர் போனாத்தான் விழுகும், இந்தக் கசிவு அதுக்குத் தெரியவே தெரியாது.

மெயினை ஆஃப் பண்ணி, ஃபியூஸ் கேரியரைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்குங்க. ஸ்டார்ட்டர்ல மோட்டார் வயரைக் கழட்டி, ஒவ்வொண்ணையும் எர்த்தோட 500 வோல்ட் மெக்கர்ல (கசிவு பாக்கற மீட்டர்) பாருங்க. ஒரு மெகா ஓமுக்குக் கீழ வந்தா கசிவுதான். அப்பறம் மோட்டாரை மேல எடுத்து, கேபிளும் மோட்டார் வயரும் சேர்ற ஜாயிண்டை வெட்டி, மோட்டாரைத் தனியா, கேபிளைத் தனியாப் பாருங்க. பெரும்பாலும் ஜாயிண்டுதான் குத்தவாளியா இருக்கும். பி.வி.சி. டேப் மட்டும் சுத்துனா தண்ணி எறங்கீரும்; ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுத்தி, அதுக்கு மேல பி.வி.சி. சுத்தோணும்.

லைன்வேலை
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. மூணு கோர் (உள்ள மூணு வயர்) ஃபிளாட் கேபிள்ல எர்த்துக்குன்னு ஒரு கோர் கெடையாதுங்க. மோட்டார் பாடிக்குத் தனி எர்த் வயர் போயிருக்குதான்னு மொதல்ல பாருங்க. மெயினுக்கு அடுத்து நாலு போல் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) மாட்டுங்க. நியூட்ரலையும் சேத்துக் குடுங்க, இல்லீன்னா பலதுல டெஸ்ட் பட்டன் வேலை செய்யாது. மாசம் ஒருக்கா பட்டனை அமுக்கிப் பாருங்க. 300 மில்லி ஆம்பியர்னு கடையில குடுத்தா வாங்காதீங்க, அது தீப்பிடிக்காம இருக்கத்தான், ஆளைக் காப்பாத்தாது.

ஆத்தங்கரை
எர்த் வயரே இல்லைங்க. யாராச்சும் தண்ணியில மாட்டிக்கிட்டா?

லைன்வேலை
பின்னாலயே குதிச்சா ரெண்டு பேரும் போயிருவீங்க. மெயின்தான் மொதல்ல. அப்பறம் கரையில இருந்தே கயிறோ டியூபோ வீசுங்க. மூங்கில் நனைஞ்சிருந்தா அதுலயும் கரண்ட் வரும். மூச்சு இல்லீன்னா 108-க்குச் சொல்லச் சொல்லீட்டு, நெஞ்சை 30 தடவை அமுக்கி 2 தடவை ஊதுங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாதீங்க.

லிங்காபுரம், காந்தவயல் பக்கம் பரிசல் விடறவங்களுக்கும் ஒண்ணு: பவானிசாகர் அணை நெறைஞ்சா தண்ணி மட்டம் மேல போற கரண்டு லைனை நெருங்கீரும். லைனுக்கு அடியில நிமித்துன மூங்கிலோ தூண்டில் கழியோ வேண்டாம். தொங்கற கம்பியைப் பாத்தா மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல சொல்லுங்க.