பித்தளைக் கடிதக் கத்தி: ஈட்டி மரக் கைப்பிடி முன்பக்கம் மட்டும் பிரிகிறது, உதவி தேவை

அரத்தூள் (கோவை):
வணக்கம். கடித உறை பிரிக்கும் கத்திகளைக் கையால் செய்கிறேன். 3 மி.மீ. பித்தளைத் தகடு, மொத்த நீளம் 230 மி.மீ., அதில் 90 மி.மீ. கைப்பிடி. கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் 5 மி.மீ. ஈட்டி மரச் சில்லுகள். 5 நிமிடத்தில் இறுகும் எபோக்சிப் பசையால் ஒட்டி, 3 மி.மீ. பித்தளைக் கம்பியில் இரண்டு ஆணி போட்டு, தலையைத் தட்டி விரித்திருக்கிறேன்.

ஓய்வு பெறுபவர்களுக்குப் பரிசளிக்க 12 கேட்டார்கள். செய்து கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 5 திரும்பி வந்துவிட்டன. ஐந்திலும் ஒரே கோளாறு: அலகை ஒட்டிய முன்முனையில், முதல் ஆணி வரை மரம் பித்தளையை விட்டு விலகியிருக்கிறது. இடைவெளிக்குள் ஒரு தாள் நுழைகிறது. இரண்டில் பச்சைக் களிம்பும் தெரிகிறது. பின்பக்கம் உறுதியாகவே இருக்கிறது. மரம் காயவில்லையா, பசை சரியில்லையா? பெயர் பொறித்துக் கொடுத்த பரிசு என்பதால் மனசு கேட்கவில்லை.

தச்சுமேசை (சென்னை):
எனக்கு முதலில் மரத்தின் ஈரம்தான் தோன்றுகிறது. கோவையில் காய்ந்த மரம் இங்கே கடற்கரைக் காற்றுக்கு வந்தால் உப்பும். திரும்பி வந்தவை எந்த ஊருக்குப் போனவை? ஈட்டியில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முன் அசிட்டோனால் துடைத்தீர்களா?

அரத்தூள்:
12-ம் ஒரே அலுவலகம், ஒரே ஊர் அண்ணா. மரமும் ஒரே பலகையில் அறுத்ததுதான். அசிட்டோனால் துடைத்தேன். பித்தளையை மட்டும் தேய்க்கவில்லை, தகடு வந்த வழவழப்போடு ஒட்டிவிட்டேன்.

பட்டறைக்காரர்:
தம்பி, மரம் உப்பினாலும் சுருங்கினாலும் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் அசையும். நீளவாட்டில் அசைவது மிகமிகக் குறைவு. ஈரம்தான் காரணம் என்றால் கைப்பிடியின் பக்கவாட்டு விளிம்பில் தெரியும். மரமும் பித்தளையும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், படிபோலத் தட்டும். முன்முனை மட்டும் திறப்பது வேறு கதை.

இரண்டு கேள்வி. நன்றாக இருக்கும் ஏழுக்கும் வந்த ஐந்துக்கும் செய்முறையில் என்ன வித்தியாசம்? அலகை எப்போது பளபளப்பாக்கினீர்கள், ஒட்டும் முன்பா, பின்பா?

அரத்தூள்:
நகம் எங்கேயும் தட்டவில்லை ஐயா.

நீங்கள் கேட்ட பிறகுதான் குறிப்பேட்டைப் பார்த்தேன். முதல் ஏழின் அலகை உப்புத்தாளால் கையிலேயே தேய்த்து முடித்துவிட்டு ஒட்டினேன். கடைசி ஐந்துக்கு நாள் போதவில்லை. ஒட்டி, ஆணி அடித்து, மறுநாள் பஃப் சக்கரத்தில் (பளபளப்பாக்கும் துணிச் சக்கரம்) பிடித்தேன். அலகு நன்றாகச் சூடானது, அவ்வப்போது தண்ணீரில் முக்கி எடுத்தேன். கைப்பிடி சூடானதாகத் தெரியவில்லை.

பட்டறைக்காரர்:
அதேதான். பித்தளை சாதாரண எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அலகில் ஏறிய சூடு நேராகக் கைப்பிடிக்குள் போயிருக்கிறது. மரம் அதை உங்கள் கைக்கு விடாததால்தான் தெரியவில்லை. வீட்டு வெப்பத்தில் இறுகும் எபோக்சி பெரும்பாலும் 60 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், 5 நிமிட வகை இன்னும் மோசம். சூடு முதலில் சேரும் இடம் முன்முனை. அங்கே பசை இளகி, வழவழப்பான பித்தளையை விட்டுவிட்டது. அப்புறம் நீங்கள் அலகை முக்கி எடுத்த தண்ணீர் உள்ளே போய்க் களிம்பு பிடித்தது.

என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அதே பசையை ஒரு துண்டுப் பித்தளையில் தடவி, மறுநாள் ஆவி பறக்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டுவிட்டு நகத்தால் அழுத்துங்கள்.

அரத்தூள்:
செய்து பார்த்தேன். நகம் பதிந்தது! ஓரத்தை நெம்பினால் பசை முழுத் தோலாக உரிந்து வந்தது, பித்தளையில் ஒரு சுவடும் இல்லை. இந்த ஐந்தையும் காப்பாற்ற முடியுமா?

பட்டறைக்காரர்:
முடியும். ஆணித் தலையை அரத்தால் ராவி, 2.5 மி.மீ. துளையிட்டுத் தட்டி வெளியே எடுங்கள். அலகின் பக்கமிருந்து முடி உலர்த்தியால் மெதுவாகச் சூடேற்றினால் சில்லுகள் தானாக விடும். திருப்புளி வைத்து நெம்பாதீர்கள், ஈட்டி நார் போக்கில் பிளந்துவிடும். எந்தச் சில்லு எந்தப் பக்கம் என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியம். கைப்பிடிக்குள் மறையும் பித்தளையை 80-ஆம் எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள். அந்தப் பகுதியில் நாலைந்து சிறு துளைகளும் போடுங்கள், இரண்டு பக்கத்துப் பசையும் துளை வழியே ஒன்றாகிப் பிடித்துக்கொள்ளும். பித்தளை, மரம் இரண்டையும் அசிட்டோனால் துடைத்து, அது உலர்ந்ததும் உடனே ஒட்டுங்கள். மெதுவாக இறுகும் எபோக்சியாக இருக்கட்டும், ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது. கிளாம்ப்பை இறுக்கி முறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கிவிடும், ஓரத்தில் மெல்லிய கோடாகக் கசிந்தால் போதும். முதல் ஆணி முன்முனையிலிருந்து எவ்வளவு தூரம்?

அரத்தூள்:
25 மி.மீ.

பட்டறைக்காரர்:
கொஞ்சம் அதிகம். பழைய துளைகளில் போடும் இரண்டோடு, முன்முனையிலிருந்து 10 மி.மீ.-இல் மூன்றாவது ஆணியும் போடுங்கள். முனைக்கு அவ்வளவு கிட்டத்தில் ஓங்கித் தட்டினால் மரம் வெடிக்கும், அதன் தலையை மட்டும் விரிக்காமல் பசையோடு விட்டுவிடுங்கள். சில்லுகளின் முன்முனைச் சரிவை ஒட்டும் முன்பே தேய்த்து முடிக்க வேண்டும், பிறகு அலகைக் கீறாமல் அங்கே கை போகாது. ஒட்டிய பின் பஃப் பக்கமே போகாதீர்கள். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், முகமூடி போடுங்கள்.

மரகதம்:
ஒன்று சேர்க்கிறேன். பித்தளை என்றாலே நம் வீடுகளில் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அந்தப் புளித்தண்ணீர் இணைப்பில் தங்கினால் களிம்பு மறுபடி வரும். பெட்டிக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவும்.

அரத்தூள்:
நல்லவேளை சொன்னீர்கள் அக்கா, சீட்டு அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

ஐந்தையும் பிரித்து ஒட்டி நாலு நாள் ஆகிறது. ஒன்றில் மட்டும் சில்லு பிளந்தது, அதே பலகையில் புதிதாக அறுத்தேன். நிறம் லேசாக மாறுகிறது, அதை மறைக்காமல் வாங்கியவரிடம் சொல்லிவிட்டேன். நேற்று ஐந்தின் முன்முனையிலும் தாளை நுழைத்துப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை. நன்றாக இருக்கும் ஏழின் பித்தளையும் கீறாமல் ஒட்டியதுதான் என்பதால் அவற்றையும் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.