நாலு துடிப்பும் சமமாகத்தான் தெரிந்தது

இரவு டியூட்டி:
பித்தப்பை லேப்ராஸ்கோப்பி, மயக்கம் கொடுத்தது நான். தசையைத் தளர்த்தும் வெக்குரோனியம் கடைசி டோஸ் போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதை முறிக்க நியோஸ்டிக்மின், அதனால் இதயத் துடிப்பு குறையாமலிருக்க கிளைக்கோ போட்டாச்சு. மணிக்கட்டில் நரம்பைத் தூண்டும் ஸ்டிமுலேட்டர், டிஓஎஃப் (அடுத்தடுத்து நாலு மின்தூண்டல்) கொடுத்துக் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தேன். நாலு துடிப்பும் சமம், ஃபேட் (போகப் போகத் துடிப்பு மங்குவது) இல்லை. "தலையைத் தூக்குங்கம்மா" என்றதும் ஐந்து எண்ணும் வரை தூக்கிப் பிடித்தார். டியூபை எடுத்துவிட்டேன்.

ரெக்கவரியில் பத்தே நிமிடம். இமை பாதிதான் திறக்கிறது, எச்சில் கடைவாயில் வழிகிறது. என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார், குரல் மூக்கு வழியாகக் காற்றாக வந்தது. சாச்சுரேஷன் 86. மாஸ்க் பிடித்துக்கொண்டே விரல் அசைவை அளக்கும் அக்சிலரோமீட்டரைக் கொண்டுவரச் சொல்லி வைத்தால், நாலாவது துடிப்பு முதலாவதில் 0.6 பங்குதான். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

புருவம் பார்த்தவன்:
என் கேஸில் நோயாளியின் கை கிடைக்கவே இல்லை. இரண்டு கையும் உடம்போடு ஒட்டி டிரேப் துணிக்குள். சரி என்று ஸ்டிமுலேட்டரைப் புருவத்தில் வைத்தேன், நாலு துடிப்பு ஜோராக. டிரேப்பை எடுத்ததும் சந்தேகத்தில் கட்டைவிரலில் வைத்தால் ஒன்றே ஒன்று, அதுவும் லேசாக. புருவம் முதலில் விழித்துக்கொள்ளும், கை கடைசியில்தான். படித்தது அன்றைக்குத்தான் புரிந்தது.

பழைய பிஜி:
இரவு டியூட்டி, அந்த 0.6ஐயே நான் நம்ப மாட்டேன். ரிலாக்ஸன்ட் (தசை தளர்த்தும் மருந்து) போடுவதற்கு முன் மெஷினை அவருடைய இயல்பு அளவுக்குக் கேலிபரேட் செய்தீர்களா? அக்சிலரோவில் மருந்தே போடாதவருக்கும் 1.0ஐத் தாண்டிக் காட்டும். அப்படியானால் உண்மையில் இன்னும் கீழேதான் இருந்திருப்பார். ஃபேட் இல்லை என்பதும் கணக்கில் வராது. 0.4ஐத் தாண்டினால் விரலுக்கு வித்தியாசம் தெரியாது, டபுள் பர்ஸ்ட் (இரண்டு குட்டித் தொடர் தூண்டல்) போட்டாலும் ஏறக்குறைய 0.6 வரைதான். தலை தூக்குவதை 0.5லேயே சிலர் செய்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது 0.9. (நாங்கள் படித்த காலத்தில் 0.7 போதும் என்றார்கள், அது வேறு கதை.) கை உள்ளே இருந்தால் இஎம்ஜி வையுங்கள். விரல் அசைய வேண்டாம், தசையின் மின்துடிப்பையே அளக்கும். டயாதெர்மி (மின்சாரத்தால் வெட்டும் கருவி) ஓடும்போது மட்டும் குழம்பும். கை சில்லிட்டிருந்தாலும் அளவு மாறும், போர்த்தி வையுங்கள். என் யூனிட்டில் என்றால்…

இரவு டியூட்டி:
சார், கேலிபரேட் செய்யவில்லை. கேஸ் முடியும் வரை அந்த மெஷின் அலமாரிக்குள் பூட்டியிருந்தது. சாவி டே டியூட்டி சிஸ்டரோடு வீட்டுக்குப் போய்விட்டது. அன்றிரவு பூட்டை உடைத்துத்தான் எடுத்தோம்.