லைன் வீடு வாங்கி, வேலையை விட்டுவிடலாமா? (திருப்பூர்)

பனியன்கணக்கு:

எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வயது 42. சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி, பையர் மெயில் என்றே காலம் ஓடிவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எங்கள் யூனிட்டில் பாதி மெஷின் நின்றது, சம்பளமும் தள்ளித் தள்ளித்தான் வந்தது. இனி இதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று பட்டுவிட்டது.

என்னோடு படித்தவர்களில் ஒருவன் பல் டாக்டர், ஒருவன் தனியார் பஸ் கண்டக்டர். இரண்டு பேரும் இப்போது 'ரியல் எஸ்டேட் பண்றோம்' என்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட சென்ட் விலைதான் பேச்சு.

கையில் 20 லட்சம் இருக்கிறது. '15 வேலம்பாளையம்' என்ற ஏரியா பக்கம் ஒரு லைன் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை ரூம்கள், பார்த்தேன். 5 சென்ட், ஆறு ரூம், ரூமுக்கு 3,500 வாடகை. 38 லட்சம் கேட்கிறார்கள். மீதிக்கு லோன் போடலாம் என்று எண்ணம். வீட்டில் பல்லடம் தாண்டி ஒரு டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி பெற்ற மனையைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். மாதாமாதம் பணம் கைக்கு வருமே என்று எனக்கு லைன் வீட்டில்தான் ஆசை. முழுநேரமாகவே இதில் இறங்கலாமா?

ரிட்டையர்டு லைன்மேன்:

தம்பி, நான் மின்வாரியத்தில் இருந்தவன். ஈரோட்டில் சின்னதாக இரண்டு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். நான் போனதும் முதலில் மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பேன்.

ஆறு ரூமுக்கு எத்தனை சர்வீஸ், அதாவது மின் இணைப்பு, இருக்கிறது? ஒரே சர்வீஸ் என்றால் இரண்டு மாதத்தில் 500 யூனிட் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடும். அந்த பில்லை யார் கட்டுவது என்பதில்தான் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் முதல் சண்டையே வரும்.

அடுத்தது, ரீடிங் எழுதும் வெள்ளை அட்டை. அது இல்லாவிட்டால் சர்வீஸ் நம்பரை வாங்கி ஆன்லைனில் பழைய பில்களைப் பாருங்கள். 'ரூம் காலியாகவே இருக்காதுங்க' என்று எல்லா ஓனரும்தான் சொல்வார்கள். ஆறு குடும்பம் இருக்கும்போது 600, 700 என்று ஓடிய மீட்டர் ஏதாவது ஒரு ரீடிங்கில் 90 காட்டினால், அந்த இரண்டு மாதம் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம். 2025 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த ரீடிங்கை அவசியம் பாருங்கள்.

மஸ்கட் ரிட்டர்ன் நர்ஸ்:

லைன்மேன் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ரூம்களில் இருப்பவர்கள் யார்? பனியன் கம்பெனித் தொழிலாளர்கள்தானே. ஆர்டர் குறைந்தால் அவர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். உங்கள் சம்பளம் நிற்கும் அதே மாதத்தில் வாடகையும் நிற்கும். எதற்குப் பயந்து வெளியே வருகிறீர்களோ, அதற்குள்ளேயே 38 லட்சத்தைப் போடுகிறீர்கள்.

நான் திரும்பி வந்ததும் கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் பழைய சின்ன வீடு ஒன்று வாங்கினேன். நோயாளியோடு வருபவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாடி கூடாது, வெந்நீர் வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், கஞ்சி வைக்க ஒரு அடுப்பு வேண்டும். அது இருந்தால் வாடகையில் பேரமே பேச மாட்டார்கள். மீதிப் பணத்தில் கொஞ்சம் ரீட் (REIT) யூனிட், அதாவது பலர் பணத்தைச் சேர்த்து ஆபீஸ் கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் டிரஸ்டின் பங்கு. எம்பசி, மைண்ட்ஸ்பேஸ் மாதிரி ஷேர் மார்க்கெட்டில் பட்டியலானவை. பகிர்ந்தளிக்கக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தையாவது அவர்கள் யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். விலை ஏறும், இறங்கும். ஆனால் செப்டிக் டேங்க் லாரிக்கு நாம் போன் போட வேண்டியதில்லை!

பத்திர ஆபீஸ் வாசல்:

ஆவண எழுத்தராக இருந்தவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். உங்கள் கண்டக்டர் நண்பர் இடம் வாங்கி வைத்திருக்கிறாரா, கைமாற்றி விடுகிறாரா? நான் பார்த்தவர்களில் பலர் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடுவார்கள், கெடு முடிவதற்குள் வேறு ஆளைப் பிடித்து அவர் பெயருக்குக் கிரயம் செய்து வைப்பார்கள். ஆள் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் போச்சு. அது முதலீடு இல்லை சார், வியாபாரம். வாய் வேண்டும், ஊரெல்லாம் ஆள் வேண்டும். கண்டக்டருக்கு அது இருக்கும். உங்களுக்கு?

மனை என்றால் டிடிசிபி எண்ணோடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள். பூங்கா, ரோடு எல்லாம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்தாயிற்றா என்றும் பாருங்கள்.

பனியன்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி டி-ஷர்ட்டுக்குப் போடுவது போலவே இதற்கும் காஸ்டிங் ஷீட் போட்டேன். விலை 38 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 3.42 லட்சம். புரோக்கர், வக்கீல், எழுத்துக் கூலி எல்லாம் சேர்த்து 42 லட்சம் ஆகிவிடுகிறது. முழு வாடகை வந்தால் வருடம் 2.52 லட்சம். ஒரு மாதம் காலி என்று 21,000, பராமரிப்பு, வரிக்கு 36,000 கழித்தால் நிற்பது 1.95 லட்சம். 22 லட்சம் லோனுக்கு 9 சதவீதம் என்றால் முதல் வருட வட்டி மட்டுமே ஏறக்குறைய 1.98 லட்சம். இப்படி ஒரு ஆர்டரை எடுத்திருந்தால் எம்.டி. என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

வேலையை விடும் பேச்சு இப்போதைக்கு இல்லை. ஓனரிடம் சர்வீஸ் நம்பர் கேட்டேன், 'அதெல்லாம் எதுக்குங்க?' என்கிறார்.

ரிட்டையர்டு லைன்மேன்:

அவரிடம் ஏன் கேட்கிறீர்கள் தம்பி? மீட்டர் பெட்டி மேலேயே பெயின்டில் எழுதியிருக்கும், போய்ப் பாருங்கள்.