குடும்பத்தோடு இறங்கிக் குளிக்க ஒரு நீச்சல் குளம்: கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

வேளிமலைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் 40 சென்ட் நிலத்தில் பொது நீச்சல் குளம் கட்டப் பேச்சு நடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தேன். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம். ஒரு பக்கம் 4 அடி ஆழம், மறுபக்கம் 6 அடி. ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, வண்டி நிறுத்த இடம். அவ்வளவுதான்.

போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற பையன்களுக்கு இது போதும். இடுப்பில் பிள்ளையோடு வருகிற ஒருத்தி இதில் எந்த வழியாக இறங்குவாள்?

போன மே மாதம் வேறோர் ஊரில் பட்ட அனுபவத்தால்தான் கேட்கிறேன். நான், என் வீட்டுக்காரர், 6 வயது மகள், அத்தை நான்கு பேரும் போனோம். ஆழம் குறைந்த பக்கம் என்று எழுதியிருந்த இடமே 4 அடி. மகளின் உயரம் மூன்றே முக்கால் அடி. ஒரு மணி நேரமும் அவளைத் தூக்கிக்கொண்டேதான் நின்றேன். நடுவில் அவளுக்கு ஒன்றுக்கு வந்தது. கரையில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். ஆண்கள் அறைக்குள் பெண் பிள்ளையைக் கூட்டிப்போக அவருக்கு மனம் வரவில்லை, பெண்கள் அறைக்குள் அவர் நுழைய முடியாது. நான் ஈரத்தோடு ஏறி அவளைக் கூட்டிக்கொண்டு ஓடியதில் மகள் வழவழப்பான தரையில் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்ந்தது.

அத்தையை நினைத்தால்தான் இன்னும் வருத்தம். கல்யாணத்துக்கு முன் தன் ஊர்க் குளத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தியவர். அங்கே இறங்க இருந்தது செங்குத்தான இரும்பு ஏணி ஒன்றுதான். மூட்டு வலியோடு அதில் கால் வைக்க முடியாமல், எங்கள் தோர்த்தையும் (துண்டையும்) பையையும் மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "எங்க ஊரு குளத்துல எம்பது வயசு கெழவியும் எறங்குவா. இதுல எறங்க எடமே இல்லியே மக்ளே."

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பழைய பி.டி. மாஸ்டர் எழுதியது:

தங்கச்சி, உன் அத்தை சொன்னதைத்தான் முதலில் எழுதிக்கொள். நம் கோவில் குளங்களில் படி படியாகத்தானே ஆழம் கூடும்? முதல் படியில் குழந்தை, மூன்றாவது படியில் பாட்டி, அதற்கு அப்பால் நீந்தத் தெரிந்தவர்கள். யாருக்கு எது இடம் என்று சொல்ல ஆள் வேண்டியதில்லை. ஏணி இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு பக்கம் முழுக்க அகலமான படியும் நடுவில் கைப்பிடியும் கேள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குச் சரிவுப் பாதையும் வேண்டும். 12 அடி போனால் 1 அடி இறங்குகிற சரிவுதான் சரி. 3 அடி ஆழத்துக்குப் போக 36 அடி நீளம் வேண்டும். இடம் இருக்கிறதா என்று கவலைப்படாதே. அந்தப் பெரிய குளமே 8 சென்ட்டுக்குள்தான் வரும்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் குளம் வேண்டும். அரை அடியில் தொடங்கி ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. அதற்கும் பெரிய குளத்துக்கும் நடுவில் 4 அடி வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு, பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் கொண்டி. கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருக்கட்டும். குறுக்குக் கம்பி வைத்தால் பிள்ளைகள் அதையே ஏணியாக்கி ஏறிவிடும்.

தரை ஓடு வெளிர் நிறமாக இருக்கட்டும். கருநீலம் பார்க்க அழகுதான், அடியில் ஒரு பிள்ளை கிடந்தால் தெரியாது. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கத்தும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கத்தாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த நொடியில் மூச்சு வாங்கத்தான் அதற்கு நேரம் இருக்கும். அதனால் உயிர்காப்புக் காவலர் 10 நொடிக்குள் தன் பகுதி முழுவதையும் பார்த்துவிட முடிய வேண்டும், 20 நொடிக்குள் போய்ச் சேர முடிய வேண்டும். அவருடைய நாற்காலிக்கு நேரே சாயங்கால வெயில் அடித்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி மினுங்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. நாற்காலி எந்தத் திசையில் என்று வரைபடத்திலேயே குறிக்கச் சொல்.

2024 மே மாதம் நம் குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனதே, கள்ளக்கடல் (திடீரென்று பொங்கி வரும் பேரலை) எச்சரிக்கை இருந்த நேரம். மே லீவில் பிள்ளைகள் தண்ணீரைத் தேடிப் போகத்தான் செய்வார்கள். நம்பி அனுப்ப ஊரில் ஓர் இடம் வேண்டும்.

பம்ப் ரூம் எழுதியது:

அக்கா, மஸ்கட்டில் ஹோட்டல் நீச்சல் குளங்களைப் 11 வருஷம் பார்த்துக்கொண்டேன். கட்டுகிறவர்கள் கடைசியாக யோசிப்பது பம்ப் அறையைத்தான், குளம் கெடுவதும் அங்கேயிருந்துதான்.

குழந்தைகள் குளத்துக்குத் தனி பம்ப், தனி ஃபில்டர் கேளுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு குழந்தை தண்ணீருக்குள்ளேயே மலம் கழித்துவிட்டால் அந்தச் சின்னக் குளத்தை மட்டும் மூடிச் சுத்தம் செய்யலாம். ஒரே குழாயில் இணைத்திருந்தால் பெரிய குளத்தையும் சேர்த்து மூட வேண்டும். பெரிய குளத்தில் சராசரி 5 அடி ஆழம் என்றால் சுமார் 4.75 லட்சம் லிட்டர் வரும். அது 4 மணி நேரத்துக்குள் முழுதாக ஒரு சுற்று ஃபில்டர் வழியாக வர வேண்டும். சின்னக் குளம் அரை மணியிலேயே சுற்றி வர வேண்டும். தண்ணீர் கொஞ்சம், அழுக்கு அதிகம்.

அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாய் ஒன்றே ஒன்று இருந்தால் ஆபத்து. பிள்ளையின் உடம்போ முடியோ அதில் ஒட்டினால் பெரியவர்களாலும் இழுத்து எடுக்க முடியாது. குறைந்தது 3 அடி தள்ளி இரண்டு வாய்கள், மேலே வளைந்த மூடி, கரையில் பம்பை நிறுத்தும் சிவப்பு பட்டன்.

குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (10 லட்சம் பங்கு தண்ணீரில் 1 முதல் 3 பங்கு), பிஹெச் என்கிற அமில-கார அளவு 7.2 முதல் 7.8. காலையிலும் மத்தியானமும் பார்த்து வாசல் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். மூக்கில் ஏறுகிற அந்த நெடியை வைத்து மருந்து அதிகம் என்று நினைக்கிறோம். உண்மையில் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து வருகிற நெடி அது. அதனால் உள்ளே வருகிற வழியிலேயே ஷவர் இருக்க வேண்டும், தாண்டாமல் போக முடியாதபடி. நம் ஊரில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வருவார்கள், ஃபில்டர் மணலெல்லாம் பிசுபிசுத்துவிடும். சோப்பும் வையுங்கள்.

நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாவருஷமும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. கரைத் தண்ணீர் குளத்துக்குள் வராமல் சுற்றிலும் ஓடை வேண்டும். துலாவருஷ சாயங்காலங்களில் இடி கேட்டால் எல்லோரையும் ஏற்றிவிட்டு, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி காத்திருக்க வேண்டும். அத்தனை பேரும் ஒதுங்க உறுதியான கட்டடமும் தேவை. தகரக் கொட்டகை போதாது.

திருவிதாங்கோடு உம்மா எழுதியது:

எனக்கு நீந்தத் தெரியாது. 34 வயது. என் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியாது. படி, ஆழம் எல்லாம் சரிதான் அக்கா, ஆனால் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற குளத்தில் நாங்கள் இறங்க மாட்டோம். பழைய குளங்களில் பெண்கள் கடவு (படித்துறை) தனியாக, சுவர் மறைவில் இருந்ததே. அது மாதிரி மதில் வேண்டும். வாரத்தில் சில நாட்களாவது பெண்களுக்கு மட்டும் நேரம், அந்த நேரத்தில் காவலரும் பயிற்சியாளரும் பெண்கள். அந்த நேரத்தை மத்தியானம் 2 மணிக்குத் தள்ளிவிடக் கூடாது, வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டுமே.

உடை விதியையும் இப்போதே பேசிவிடுங்கள். பருத்திச் சுடிதார் நனைந்தால் கனக்கும், ஆளை இழுக்கும், அதை வேண்டாம் என்பது நியாயம். உடம்பை முழுதும் மூடுகிற நீச்சல் உடைக்கு அனுமதி உண்டு என்று பலகையில் எழுதியிருக்க வேண்டும். வாசலில் நின்று வாதாட எங்களால் முடியாது.

வேளிமலைக்காரி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். குடும்ப அறை ஒன்றையும் சேர்த்திருக்கிறேன்: தனிக் கதவு, உள்ளேயே கழிவறை, குழந்தையைக் கிடத்தி உடை மாற்ற ஒரு மேடை. அப்பா மகளோடு போகலாம், மகன் வயதான அம்மாவோடும் போகலாம். உம்மா, உங்கள் பத்தியை அப்படியே சேர்த்துவிட்டேன். பெண்களுக்கான நேரம் காலை 6 அல்லது சாயங்காலம் 5 என்று கேட்கப் போகிறேன்.

மாஸ்டர் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று அத்தையோடு அவர் ஊர்க் குளத்துக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு படியும் ஆறரை அங்குல உயரம், 14 அங்குல அகலம். ஓரத்தில் தேய்ந்து, கால் வைக்கிற இடம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கிறது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினார். தண்ணீருக்குள் ஐந்தாவது படியில் நின்றார், இடுப்புக்குச் சற்றுக் கீழே தண்ணீர். மூட்டு வலிக்கிறதா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு முங்கு முங்கினார்.

அந்த அளவைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். கூட்டம் காலை 10.30 மணிக்கு. அத்தையும் வருகிறார். ஏணியைப் பற்றித் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.